பதினான்காம் நம்பர் நிலத்துக் கோரை

கோரையை மேலே பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும், வந்துவிட்டதே என்று நம்பிவிடக் கூடாது, கிழங்கு கீழேயேதான் உட்கார்ந்திருக்கும், பத்தாம் நாள் ஒன்றுக்கு மூன்றாக முளைக்கும் என்று பொற்கொடி எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். அதனால் காத்தவராயன் இழுக்கவில்லை. களைக்கொத்தை வலது உள்ளங்கையோடு சேர்த்து ஒரு பழைய சைக்கிள் டியூப் பட்டையால் சுற்றி, பட்டையின் நுனியைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டு, தாளுக்குப் பக்கத்தில் ஒரு சாண் ஆழம் கொத்தி மண்ணைப் புரட்டி, புரட்டிய மண்ணுக்குமேல் குனிந்து கிழங்கைத் தேடினார். விரல்கள் நான்கும் உள்ளே மடங்கிப்போன கை அது. மடங்கினதுகூடப் பெரிதில்லை, மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கையிலும் உணர்ச்சி இல்லை, பதினேழு வயதிலிருந்தே இல்லை, இப்போது வயது அறுபத்தொன்று. மற்றவர்கள் மண்ணுக்குள் கையை விட்டுத் துழாவி, இது கல், இது கிழங்கு, இது வெறும் மண்கட்டி என்று பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். அவர் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிழங்கும் கறுப்பு, ஆட்டுப் புழுக்கையும் கறுப்பு, ஈரக்கல்லும் கறுப்பு. சந்தேகமாக இருந்தால் மூக்கருகே வைத்து முகர்ந்தார். கிழங்காக இருந்தால் பூஜை அறையில் அடிக்கிறமாதிரி ஒரு வாசனை வரும். இவ்வளவு நல்ல வாசனையை இவ்வளவு கெட்ட களைக்கு எதற்குக் கொடுத்தான் என்று பொற்கொடி கேட்பாள், யாரைக் கேட்கிறாள் என்று தெரியாது, ஆகாயத்தைப் பார்த்துக் கேட்பாள். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிவிட்டது. இந்தப் பத்து மாதமும் அவர் இந்தப் பக்கம் வரவில்லை, கோரைதான் வந்தது, கோரைக்குத் துணையாகப் பார்த்தீனியம் வந்தது, வரப்போரம் நெருஞ்சி படர்ந்தது, அவள் கத்தரி வைத்திருந்த மேடெல்லாம் மேடாகவே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கிணற்றடியில் தொடங்கி ரயில் தண்டவாளம் வரை இருபத்திரண்டு துண்டு நிலங்கள், தொழுநோய் குணமாகியும் ஊர் திரும்பாமல் இந்தக் காலனியிலேயே தங்கிவிட்டவர்களுக்கு, வீட்டுக்குப் பத்து சென்ட் என்று என்றைக்கோ பிரித்துக் கொடுத்தது. பதினான்காம் நம்பர் இவர்களுடையது. ஒரு வருஷம் பயிர் வைக்காமல் போட்டால் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும் என்பது சங்கத்து விதி. போன வாரம் தலைவர் ஜெயசீலன் வீட்டுக்கு வந்து, டீ குடித்து, அதையும் இதையும் பேசிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் உன் நிலம் பேச்சுக்கு வரும் காத்தவராயா என்று சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் நல்லவர்தான். நல்லவர்கள் சொல்லும்போதுதான் பயமாக இருக்கிறது. அதனால்தான் இன்று வியாழக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால், ஏழு மணிக்கெல்லாம் வந்து குந்திவிட்டார்.

மண் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. அதுதான் முதலில் தொந்தரவாக இருந்தது. ஆவணியில் இரண்டு மழை பெய்திருந்தது, மண் பார்வைக்குக் கறுத்து இருந்தது, ஆனால் ஈரமா, சும்மா கறுப்பா, குளிர்ந்திருக்கிறதா, இன்னும் நேற்றைய சூடு மிச்சமிருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. இதையெல்லாம் பொற்கொடி சொல்லிவிடுவாள். அவளுக்கு வியாதி வந்ததே இல்லை. அவள் அப்பா அம்மா இரண்டு பேரும் இங்கே வைத்தியத்துக்கு வந்தவர்கள், அவள் இந்தக் காலனியிலேயே பிறந்தவள், ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள், அவள் கை முழுக்க முழுக்க உணர்ச்சி. கல்யாணமான புதிதில் ஒரு நாள் இதே நிலத்தில், அப்போது இங்கே கேழ்வரகுதான் போட்டிருந்தார்கள், அவர் ஒரு பிடி மண்ணை அள்ளி வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, என்ன பாக்கற என்று கேட்டாள். இது எப்படி இருக்கும் என்று மறந்துபோச்சு என்றார். சொல்லும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் அந்தப் பிடியிலிருந்து கொஞ்சம் வாங்கித் தன் கையில் வைத்துத் தேய்த்து, ரவை மாதிரி இருக்குது, வறுக்காத ரவை, ஆனா சில்லுனு இருக்குது என்றாள். அன்றைக்குத் தொடங்கியதுதான். பிறகு அவர் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். நேத்து வடிச்ச சோறு மாதிரி ஒட்டுது. புளிச்ச மாவு மாதிரி பொதபொதன்னு இருக்குது. கத்தரிக்காயின் தோலைத் தடவி, நம்ம ஜெயசீலன் அண்ணன் மண்டை இருக்குதில்ல, அப்படியே இருக்குது என்றாள், ஜெயசீலனின் மண்டையை நீ எப்போது தொட்டாய் என்று அவர் கேட்க, வரப்பில் உட்கார்ந்து இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கோரைத் தாளை உருட்டிப் பார்த்து, இது உருண்டை இல்ல, மூணு பட்டை இருக்குது, அதான் இதுக்கு இவ்வளவு திமிரு என்பாள். பாதி அவள் இட்டுக்கட்டியது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலென்ன. முப்பத்தோரு வருஷம் உலகத்தைத் தொட்டுத் தொட்டு வந்து சேதி சொல்ல ஒருத்தி இருந்தாள். பிள்ளை இல்லை, அதைப் பற்றி ஒரு காலத்துக்குப் பிறகு இருவரும் பேசுவதில்லை, பேச்செல்லாம் இப்படி மண்ணும் சோறும் தண்ணீரும் துணியும் எப்படி இருக்கிறது என்பதாகவே போயிற்று. இந்தப் பத்து மாதமாக ஒரு சேதியும் இல்லை. துணி துணியைப் போலத் தெரிகிறது, அவ்வளவுதான். தண்ணீர் தண்ணீரைப் போலத் தெரிகிறது.

வெயில் கிணற்று மேட்டைத் தாண்டி முதுகில் விழுந்தது. முதுகுக்கு உணர்ச்சி உண்டு, முழங்கைக்கு உண்டு, முகத்துக்கு உண்டு, வெயில் வந்ததை முதுகு சொன்னது. ஒரு முழ நீளத்துக்குக் கொத்தி முடித்திருந்தார், அவ்வளவுதானா என்று இருந்தது. குவித்து வைத்த கிழங்குகளைப் பார்த்தார். ஒரு கிழங்கிலிருந்து கறுப்பு நூல்போல ஒரு வேர் ஓடி, அடுத்த கிழங்கில் முடிந்து, அங்கிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறது. நூலைப் பிடித்துக்கொண்டே போனால் எல்லாக் கிழங்கையும் எடுத்துவிடலாம் என்று தோன்றும். பாதியில் அறுந்துவிடும். அறுந்த இடத்துக்கு அப்பால் எத்தனை இருக்கிறது என்று மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது. அவருடைய நினைப்பும் காலையிலிருந்து இப்படித்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு இடத்தில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது. அந்த இடம் எது என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பக்கத்தில் போகாமல் இருக்கத்தான் பத்து மாதம் இந்த நிலத்துக்கே வரவில்லை. வீட்டில் இருந்தால் ரேடியோ இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கோழி இருக்கிறது, எதையாவது பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம். இங்கே குனிந்தால் மண், நிமிர்ந்தால் மண், நினைக்காமல் என்ன செய்வது. பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில், பச்சைப் போர்வை. வேண்டாம். அந்தப் பார்த்தீனியத்தை முதலில் பிடுங்குவோம் என்று எழுந்து அந்தப் பக்கம் நகர்ந்தார். பார்த்தீனியத்தைத் தொட்டால் எல்லாருக்கும் அரிக்கும், அவருக்கு அரிக்காது, அதனால் ஒரு காலத்தில் இருபத்திரண்டு நிலத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், அவரும் பெருமையாகப் போய்ப் பிடுங்கிக் கொடுப்பார். பொற்கொடிதான் ஒரு நாள் அவர் கையை விளக்குக்குக் கீழே பிடித்து, இங்க பாருய்யா, தடிப்புத் தடிப்பா வந்திருக்குது, உனக்கு அரிக்கலன்னா உன் தோலுக்கு அரிக்காதா என்று கேட்டு அதை நிறுத்தினாள். தினம் சாயங்காலம் கை பார்ப்பாள். முள் குத்தியிருக்கிறதா, அடுப்பு சுட்டிருக்கிறதா, எங்கேயாவது வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாக, விரலிடுக்காக, திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். உணர்ச்சி இல்லாத கையைக் கண்தான் காப்பாற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தன் கண்ணால் அவர் பார்த்ததில்லை, அவள் கண்ணால் பார்த்துக்கொண்டார். அவள் போன பிறகு ஒரு நாள்கூடத் தன் கையைப் பார்க்கவில்லை. குளிக்கும்போது வேறு எங்கேயாவது பார்ப்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கித்தான் கையுறை ஆணியில் தொங்குகிறது, இன்றைக்கும் எடுத்துவரவில்லை. இந்தக் கை என்ன செய்தது என்று தெரிந்த பிறகு அதற்கு ஒரு கையுறை வேறேயா.

ஒன்றும் செய்யவில்லை, அதுதான் அது செய்தது. நினைப்பு மறுபடி அங்கேயே வந்து நின்றுவிட்டது. சரி, வந்தால் வரட்டும் என்று பார்த்தீனியத்தைப் பிடித்தபடி நின்றார். போன ஐப்பசி. மழைக்காலம். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா என்று சேர்த்து ஆறாம் நாள். மத்தியானம். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தார். ஐந்து நாளாக அப்படித்தான், விடவே இல்லை, சாப்பிடப் போகும்போது மட்டும் விட்டார். அன்றைக்கு மூன்று மணிக்கு சிஸ்டர் காய்ச்சல் பார்க்க வந்தாள். வந்தவள் பொற்கொடியின் மணிக்கட்டைத் தொட்டாள், பிறகு கழுத்தைத் தொட்டாள், பிறகு அவரைப் பார்த்து, எவ்வளவு நேரமாச்சு, கை சில்லுன்னு ஆயிடுச்சே என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவர் தன் கைக்குள் இருந்த கையைக் குனிந்து பார்த்தார். பார்வைக்கு அது அப்படியேதான் இருந்தது. எவ்வளவு நேரமாயிற்று. ஒரு மணி நேரமா, ஐந்து நிமிஷமா. உலகத்தில் வேறு யார் கையில் அந்தக் கை இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும். சூடு குறையக் குறையத் தெரிந்திருக்கும், எழுந்து கூப்பிட்டிருப்பான், பேரைச் சொல்லியாவது கூப்பிட்டிருப்பான், அவள் காதில் விழுந்திருக்கும். கன்னத்துக்கு உணர்ச்சி இருக்கிறதே, ஒரு தடவை குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்திருந்தாலும் போதுமே. டம்ளர் சூடா என்று முழங்கையை வைத்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கு இது தோன்றாதா. அவள் இருந்த காலமெல்லாம் எல்லாவற்றையும் தொட்டு இவருக்குச் சொன்னாள், ஒரே ஒரு தடவை இவர் தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. வந்தவர்கள் எல்லாம் கடைசி வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாயே, அந்த மட்டுக்கும் கொடுத்துவைத்தவள் என்றார்கள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

முதல் முதலில் இங்கே வந்தபோதும் ஒரு கேள்வி கேட்டார்கள். அண்ணன் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிவந்து, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான், வரவில்லை, அது வேறு கதை, அதற்கெல்லாம் இப்போது வருத்தம்கூட இல்லை. டாக்டர் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஞ்சால் கையைத் தொடுவேன், தொட்ட இடத்தைக் காட்டு என்றார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கேயும் தொடுகிறமாதிரியே தெரியவில்லை. காட்டாமல் இருந்தால் வியாதி என்று சொல்லிவிடுவார்களே என்று குத்துமதிப்பாகக் கட்டைவிரலைக் காட்டினார், சுண்டுவிரலைக் காட்டினார். அறையில் இருந்த எல்லாருக்கும் விடை தெரியும், கைக்குச் சொந்தக்காரனுக்கு மட்டும் தெரியாது. எவ்வளவு நேரமாச்சு என்று சிஸ்டர் கேட்டபோதும் அதே பதினேழு வயதுப் பயம்தான் வந்தது, குத்துமதிப்பாக ஏதாவது சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது, தோன்றியதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பார்த்தீனியத்தைக் குவித்துவிட்டு மறுபடி கோரைக்கே வந்து குந்தினார். இந்த முறை வரப்போரம், நெருஞ்சிக்குப் பக்கத்தில். கொத்தினார், புரட்டினார், எடுத்தார், முகர்ந்தார். கொத்து விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, கல்லில் பட்டால் ஒரு சத்தம், மண்ணில் பட்டால் ஒரு சத்தம், கிழங்கில் பட்டால் சத்தமே இல்லை.

பதினைந்தாம் நம்பருக்கு சம்பூர்ணம் வந்து சேர்ந்தபோது ஒன்பது மணி இருக்கும். கால் புண்ணுக்காக அடிக்கடி படுக்கிறவள், ஆனால் நாக்குக்கு ஒரு நாளும் ஓய்வு கொடுக்காதவள், ஐம்பத்தைந்து வயது. வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பலகையைப் போட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு வெண்டைக்குக் களை எடுப்பாள். இந்தப் பக்கத்துக் கோரை வரப்புக்கு அடியில் நுழைந்து அவள் வெண்டைக்குள் முளைத்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், வரப்பை ஒட்டி ஒரு முழ ஆழம் பள்ளம்கூட வெட்டிப் பார்த்திருந்தாள், கோரை பள்ளத்துக்கும் கீழே போய் வந்தது. இவரைப் பார்த்ததும், பத்து மாசமா நானும் அது வருது இது வருதுன்னு கத்தறேன், இன்னைக்குத்தான் காது கேட்டுச்சாண்ணா என்று ஆரம்பித்தாள். அவர் குனிந்து கொத்திக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தாள். பதில் வராத பேச்சு அவளுக்கும் பிடிக்காது. சற்றுப் பொறுத்து அவளுடைய கொத்து வரப்பின் அந்தப் பக்கத்திலிருந்து அதே கோரையைத் தோண்டும் சத்தம் கேட்டது. இவர் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். ஒரு வேரை இவர் இந்த முனையில் புரட்டினால் அந்த முனையில் அவள் எடுத்தாள். பொற்கொடி உயிரோடு இருந்தபோது இவள் வீட்டுக்கு வந்து போகிறவள்தான். அந்த ஐப்பசியில் இவளும் அதே வார்டில், எதிர்க் கட்டிலில், காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தாள். அதனாலேயே இவர் இவளைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிக்கொள்வார். இவள் பார்த்திருப்பாள். மூன்று மணிக்கு சிஸ்டர் கேட்டதையும், தான் பதில் சொல்லாமல் விழித்ததையும் எதிர்க் கட்டிலில் இருந்து இவள் பார்த்திருப்பாள். பார்த்துக்கொண்டுதான் இத்தனை மாதமாகக் கோரையைப் பற்றி மட்டும் திட்டுகிறாளா.

சம்பூர்ணம் திடீரென்று கொத்துவதை நிறுத்திவிட்டாள். அவர் குவித்து வைத்திருந்த கிழங்கிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள், இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். பிறகு, கொத்தைக் கீழ வைண்ணா என்றாள். குரல் வேறு மாதிரி இருந்ததால் அவர் நிமிர்ந்தார். கிழங்குகள் மேல் ரத்தம் இருந்தது. எங்கிருந்து என்று அவருக்கு விளங்கவில்லை. அவள் வரப்பைத் தாண்டிக் காலை இழுத்து இழுத்து வந்து, அவர் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். அவர் முகத்தை ரயில் தண்டவாளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளங்கைச் சதையில் நெருஞ்சி முள் நாலைந்து இருக்குது என்றாள். கட்டைவிரலுக்குக் கீழே கொத்து பட்டு நன்றாகக் கிழித்திருக்கிறது என்றாள். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள், அவளுக்கு வலது கையில் மூன்று விரலில் உணர்ச்சி உண்டு, அந்த மூன்று விரலால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, கேட்க வேண்டியதைக் கேட்கிற மாதிரிச் சாதாரணமாக, “எவ்வளவு நேரமாச்சு?” என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். தெரியல என்று சொல்லத்தான் திறந்தார், அது ஒரு வார்த்தையாக வராமல் வேறு ஏதோ சத்தமாக வந்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தான் அழுவது அவருக்கே புரிந்தது. முள்ளுக்கா அழுவுற என்று அவள் கேட்கவில்லை. கையை விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தாள். பத்து மாதமாக யாருக்கும் சொல்லாததை அவர் அந்த வரப்பில் உட்கார்ந்து சொன்னார். முன்னும் பின்னுமாகச் சொன்னார், சிஸ்டர் கேட்டதைச் சொன்னார், கன்னத்தை வைத்துப் பார்க்காததைச் சொன்னார், பஞ்சு வைத்துத் தொட்ட டாக்டரைக்கூட நடுவில் சொன்னார். கடைசியில், “அவ கை சில்லுன்னு ஆனது எனக்குத் தெரியல சம்பூர்ணம். என் கையிலதான் இருந்துச்சு. எனக்குத் தெரியல” என்றார்.

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஆச்சரியப்பட்டுப் போயிருந்தாள்.

“நீ தூங்கிட்டிருந்தண்ணா. உனக்கு அது தெரியாதா?” என்றாள்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். முழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார். எங்கே முழித்திருந்தாய், நான் எதிரில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவள் சொல்லத் தொடங்கினாள். அவள் சொல்லும் விதத்தில் ஆறுதல் சொல்கிற சாயலே இல்லை, சந்தையில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டு வண்டி போன பிறகு அவர் தலை சாய்ந்துவிட்டதாம். கட்டில் கம்பியில் தலையை முட்டுக் கொடுத்து, வாயைத் திறந்துகொண்டு, குறட்டைகூட விட்டாராம். பொற்கொடி முழித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. தன் கையை அவர் கைக்குள்ளிருந்து மெதுவாக உருவிக்கொண்டு, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல் விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். எனக்குச் சிரிப்புகூட வந்துச்சு, இந்த நேரத்துல இவளுக்கு இது என்னா வேலைன்னு நெனச்சேன் என்றாள் சம்பூர்ணம். அவரை எழுப்பட்டுமா என்று இங்கிருந்தே கேட்டிருக்கிறாள். பொற்கொடி வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

“ரெண்டு ராத்திரியா தூங்கல, தூங்கட்டும் வுடுன்னா. அப்புறம் உன் கைக்குள்ளயே அவ கையை எடுத்து வெச்சிக்கினு கண்ண மூடிக்கினா. நானும் தூங்கறான்னுதான் நெனச்சேன். எதிர்க் கட்டில்ல கண்ணத் தொறந்துக்கினு படுத்திருந்தேன், எனக்கே தெரியலண்ணா.”

தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் போயிற்று. அவருக்குக் கழுத்து ஞாபகம் வந்தது. சிஸ்டர் கேட்டபோது அவளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை, கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது, உடம்போடு சேர்த்துத்தான் திரும்பினார். அப்புறம் மூன்று நாள், அடக்கத்தின்போதும், வந்தவர்களுக்குத் தலையாட்டும்போதும் அந்த வலி இருந்தது. அதிர்ச்சியில் வந்த வலி என்று நினைத்திருந்தார், யாரோ தைலம்கூடத் தேய்த்துவிட்டார்கள். கோணலாகத் தூங்கி எழுந்தால் வரும் வலி அது. ரயிலில் போகிறவனுக்கும் பஸ்ஸில் போகிறவனுக்கும் எல்லாருக்கும் வருகிற வலி. அவர் தூங்கியிருக்கிறார். கட்டின பெண்டாட்டி நோயில் கிடக்க, இரண்டு ராத்திரி கண் விழித்த எந்த ஆம்பிளையும் தூங்குகிறமாதிரி, கை நன்றாக இருப்பவனும் தூங்குகிறமாதிரி, வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறார். அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நினைத்தபோது துக்கம் குறையவில்லை, வேறு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தது, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் போல ஆயிற்று. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீ எங்கண்ணா நின்ன, என்னைப் பாத்தாலே தெரு திரும்பிடுவ, நான் கோரைக்காகத் திட்டறதால திரும்பறன்னு நெனச்சேன், உனக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும் என்றாள். சொல்லிவிட்டுத் தன் முந்தானை ஓரத்தைக் கிழித்து அவர் கையில் சுற்றினாள். நீ முதல்ல போய்க் கட்டுப் போட்டுக்கினு வா, இது தையல் போடுற அளவுக்கு இருக்குது, இந்த வரிசையை நான் பாத்துக்கறேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல கோரையைப் பத்தி யாராவது வாயைத் தொறக்கட்டும், அப்புறம் நான் தொறக்கறேன் என்றாள்.

அவர் டியூப் பட்டையைப் பல்லால் அவிழ்த்து, களைக்கொத்தை வரப்பில் சாய்த்துவிட்டு நடந்தார். கட்டுப் போடும் அறை பெண்கள் வார்டுக்குப் பக்கத்து அறை. இந்தப் பத்து மாதத்தில் அந்தத் தாழ்வாரத்தில் கால் வைத்ததில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது வார்டின் கதவு திறந்துதான் இருந்தது, ஜன்னலோரக் கட்டில் தெரிந்தது, அதில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்தார். பார்க்க முடிந்தது. வலது கை மடியில் கிடந்தது. அதையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். புறங்கை, உள்ளங்கை, மடங்கிய விரல் ஒவ்வொன்றின் இடுக்கு. எங்கேயிருந்து தொடங்குவது என்று தெரியாமல் சுண்டுவிரலில் தொடங்கினார். பட்டை அழுத்திய இடத்தில் தோல் வழன்று சிவந்திருந்தது, அது அவருக்குத் தெரியவே இல்லை, சம்பூர்ணமும் கவனிக்கவில்லை. கை ரொம்ப வயசாகியிருந்தது.

உள்ளே புதிதாக வந்திருந்த நர்ஸ் பெண் முந்தானைத் துணியைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அவர் வலது கையையும் நீட்டி, இங்கேயும் ஒன்று இருக்கிறது, பாரும்மா என்றார். மருந்து போட்டு, நாலு தையல் போட்டு, இரண்டு கையிலும் கட்டுப் போட்டாள். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். களை எடுத்தேன் என்றார். இனி நாலு நாளைக்கு மண் வேலை கூடாது, நனைக்கக் கூடாது, நாளை மறுநாள் வந்து காட்ட வேண்டும் என்றாள். நாலு நாளில் கோரை விரற்கடை முளைத்துவிடும், எடுத்த இடத்திலேயே முளைக்கும். முளைக்கட்டும். எழுதிக்கொண்டே அந்தப் பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

“வீட்ல தினமும் கையைப் பாத்துக்க ஆள் இருக்காங்களா தாத்தா?”

“நான் இருக்கேம்மா” என்றார் காத்தவராயன்.